கண்ணைப் பார்ப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உண்டு. பயிற்சி மையத்தில் அவனுக்குப் பிடித்த முறுக்கைத் தங்கள் கண்ணருகே பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்தால்தான் தருகிறார்கள். பார்த்துவிடுகிறான், பிறகு வெகுநேரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வீட்டிலும் இதையே செய்யச் சொல்கிறார்கள். உங்களுக்கும் ஆட்டிசம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கண்ணைப் பார்ப்பது உண்மையிலேயே அவ்வளவு கடினமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

எனக்குக் கடினம்தான். முதல் நேர்காணலுக்குப் போனபோது, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தே தீருவது என்று உறுதியெடுத்திருந்தேன். பார்த்தேன். அவருடைய கருவிழியைச் சுற்றியிருந்த சாம்பல் வளையமும், அதில் விழுந்திருந்த டியூப்லைட்டின் வெள்ளைக் கோடும், வலது இமை இடது இமையைவிடச் சற்றே தாழ்ந்திருந்ததும் இன்றும் நினைவிலிருக்கின்றன. அவர் கேட்ட கேள்வி மட்டும் மனத்தில் ஏறவேயில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் ஒரு சொல் விடாமல் கேட்டிருப்பேன்.

2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், முகங்களின் கண்பகுதியையே பார்க்கும்படி செய்து மூளையைப் படமெடுத்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களிடம், அச்சம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா உள்ளிட்ட மூளையின் உட்பகுதிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தூண்டப்படுவதைக் கண்டார்கள். பார்வையை விலக்குவது அக்கறையின்மை அல்ல, தாங்க முடியாத தூண்டலைத் தணித்துக்கொள்ளும் வழியாக இருக்கலாம் என்பதே அவர்கள் சொன்னது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணைப் பார்ப்பதில் சிரமமே இல்லாத ஆட்டிசக்காரர்களும், எதிரிலிருப்பவர் சங்கடப்படும் அளவுக்கு உற்றுப் பார்ப்பவர்களும் உண்டு.

சிறுவயதில் தாத்தா முன்னால் குனிந்து நின்றபோது என்னை அடக்கமான பிள்ளை என்றார்கள். அதே பார்வையைப் பள்ளியில் திருட்டு முழி என்றார்கள். நான் பார்த்த விதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முறுக்குப் பயிற்சியை நிறுத்தச் சொல்லுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். காதைப் பொத்திக்கொள்வதன் மூலம் உங்கள் மகன் தெளிவாகவே பதில் சொல்லிவிட்டான். தனக்கு வேண்டியதைச் சொல்லாலோ, படத்தாலோ, சைகையாலோ கேட்க அவன் கற்றுக்கொண்டால் அது வாழ்நாள் முழுக்க உதவும். பயிற்சி நேரம் அதற்குச் செலவாகட்டும். வீட்டில் அவனோடு எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பட்டாணி உரிக்கும்போதும் பேருந்து ஜன்னலோரத்திலும், இருவர் கண்ணும் வேறெங்கோ இருக்க, நான் என் அம்மாவிடம் பேசியதுபோல வேறு யாரிடமும் பேசியதில்லை. அவன் கேட்டானா என்ற ஐயம் வந்தால், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லியோ செய்துகாட்டச் சொல்லியோ பாருங்கள். ஆசிரியரிடமும் இதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும் என்பதால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

வளர்ந்தபின், கண்ணைப் பார்த்துப் பேசுவதை மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதை அவனுக்கு விளக்குங்கள். விரும்பினால் புருவ நடுவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சமாளிக்கிறேன். ஆனால் அந்த முடிவு அவனுடையதாக இருக்கட்டும்.

மையத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.