டோங்கா: கரண்ட் பில்லும் வாக்குச்சீட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

டோங்கா பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பசிபிக் பெருங்கடலில் ஒரு லட்சம் பேர் வாழும், மன்னர் உள்ள தீவுக்கூட்டம். 2010-இல் நாடாளுமன்றத்தைச் சீர்திருத்தினார்கள். பத்தே ஆண்டுகளில் பாதி மின்சாரத்தை டீசல் இல்லாமல் எடுப்போம் என்ற திட்டமும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? சோலார் பேனல் போட மன்னரின் ஒரு கையெழுத்து போதாதா? இத்தனை சின்ன நாட்டுக்குத் தேர்தல் சண்டையெல்லாம் காலவிரயம் அல்லவா?

கே.

அன்புள்ள கே.,

அரண்மனையின் கையில்தான் அங்கே மின்சாரம் இருந்தது. கோபமே அதில்தான் தொடங்கியது. ஷோர்லைன் என்ற நிறுவனம் பல ஆண்டுகள் மின்சாரம் தயாரித்து விற்றது. அதன் உரிமையாளர் பட்டத்து இளவரசர். அன்றைய அவையில் மக்களின் பிரதிநிதிகள் 9 பேர், பரம்பரைப் பிரபுக்களின் பிரதிநிதிகள் 9 பேர், அமைச்சர்கள் மன்னர் நியமித்தவர்கள். கரண்ட் பில் ஏன் இவ்வளவு என்று ஒரு குடும்பத்தலைவி யாரிடம் போய்க் கேட்பார்? 2006 நவம்பர் 16 அன்று தலைநகர் நுக்குவலோஃபாவில் கலவரம் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். எரிந்த கட்டடங்களில் ஷோர்லைன் அலுவலகமும் ஒன்று.

அந்த இளவரசர்தான் பிறகு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் துபோ. 2008-இல் முடிசூடும் முன்பே அதிகாரத்தின் பெரும்பகுதியை விட்டுத்தருவதாக அறிவித்தார். மின்சாரமும் அந்த ஆண்டே அரசின் கைக்கு வந்தது. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

2010 நாடாளுமன்றச் சீர்திருத்தம் முழுமையானது என்று நான் சொல்லமாட்டேன். 26 இடங்களில் 17 மட்டுமே மக்களுக்கு. மீதி 9 பேரை முப்பத்துச் சொச்சம் பிரபுக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2010 தேர்தலில் ஜனநாயகத்துக்காகப் போராடிய தலைவர் அகிலிசி போஹிவாவின் கட்சி அந்த 17-இல் 12 இடங்களை வென்றும், 14-க்கு 12 என்ற வாக்கில் ஒரு பிரபுவே பிரதமரானார். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2012-இல் நியூசிலாந்து உதவியோடு 1.3 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. பெயர் 'மாமா மாய்'. அவர்கள் மொழியில் மாமா என்றால் வெளிச்சம், எவ்வளவு அழகு! ஆனால் பேனல் போட்டால் மட்டும் டீசல் நின்றுவிடாது. என் மொட்டைமாடியில் 3 கிலோவாட் பேனல் இருக்கிறது. மேகம் மூடினால் இன்வெர்ட்டரில் 2.1 என்றிருந்த எண் கண்ணெதிரே 0.4-க்கு இறங்கும். எனக்குப் பின்னால் ஒரு பெரிய மின்தொகுப்பு இருப்பதால் மின்விசிறி நிற்பதில்லை. தீவுக்கு அப்படி யாருமில்லை. டீசல் ஜெனரேட்டர் உடனே ஈடுகட்ட வேண்டும், அல்லது பெரிய பேட்டரி வேண்டும். அந்தப் பேட்டரிக்கு உலக நாடுகளிடம் கையேந்தியாக வேண்டும்.

2020 இலக்கு தவறிப்போனது. இப்போது 2030-க்குள் 70 சதவீதம் என்கிறார்கள். கையெழுத்து போதாதா என்று கேட்டீர்கள். இலக்கு தவறினால் கையெழுத்திட்டவரை யார் கேட்பது என்பதே என் கவலை. 2024 டிசம்பரில் டோங்காவின் பிரதமர், நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும் முன்பே அவையில் பதவி விலகினார். 2006-இல் அங்கே அப்படி ஒரு வழி இருக்கவில்லை.