அம்மாவுக்குக் கேன்சர்: பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 5. இருவரிடமும் ‘அம்மாவுக்குக் காய்ச்சல்’ என்றுதான் சொல்லியிருக்கிறோம். மகன் அம்மாவை விட்டு நகர மாட்டேன் என்கிறான், மகள் எதையுமே கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார்களா டாக்டர்?

பதில்: சொல்லிவிடுங்கள், அதுவும் கீமோ தொடங்கும் முன்பே. நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும். அறைக்குள் வந்தால் பெரியவர்கள் பேச்சை நிறுத்துவது, போனை எடுத்துக்கொண்டு வெளியே போவது, இதையெல்லாம் பிள்ளைகள் கவனிக்காமல் இருப்பார்களா? காரணம் தெரியாதபோது அவர்களே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார்கள், அது பெரும்பாலும் நிஜத்தைவிடப் பயங்கரமாக இருக்கும்.

காய்ச்சல் என்ற பொய்யை முதலில் விடுங்கள். நாளை பையனுக்கே காய்ச்சல் வந்தால் தனக்கும் ஆபரேஷன்தான் என்று நடுங்கிப்போவான். நோயின் பெயரையே சொல்லலாம். நாலைந்து சின்ன வாக்கியம் போதும்: “அம்மா மார்புல கேன்சர்னு ஒரு வியாதி வந்துச்சு. டாக்டர் ஆபரேஷன் பண்ணி அந்தக் கட்டியை எடுத்துட்டாங்க. திரும்ப வராம இருக்க மருந்து ஏத்தப் போறாங்க. அந்த மருந்தால அம்மா கொஞ்ச நாள் சோர்வா இருப்பாங்க.” கேட்டுவிட்டு ‘சரி, என் பந்து எங்கே?’ என்று அவன் ஓடிவிட்டால் மனம் நோகாதீர்கள், அந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான். அதே கேள்வியைப் பத்து தடவை கேட்பான், பத்து தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அவன் கேட்காமலேயே சொல்ல வேண்டியது. ஐந்து வயதில் தான் நினைப்பதாலேயே காரியங்கள் நடக்கின்றன என்ற நம்பிக்கை இருக்கும். என்றைக்கோ கோபத்தில் அம்மாவை உதைத்ததால்தான் அங்கே கட்டி வந்தது என்று மனதில் வைத்துக்கொண்டிருக்கலாம், யாரிடமும் சொல்லவும் மாட்டான். “நீ செஞ்சது, சொன்னது, நெனச்சது எதாலயும் இது வரல” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் என்பதையும். ஒரேயொரு சிக்கல்: கீமோ ஏற்றி ஒரு வாரம், பத்து நாள் வாக்கில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், அப்போது பிள்ளைக்குச் சளி இருந்தால் கொஞ்சம் தள்ளி இருக்கத்தான் வேண்டும். “கிட்ட வராதே” என்று மட்டும் சொன்னால் அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வான். “உன் சளிதான் அம்மாவுக்கு ஒட்டும், அம்மாவோட வியாதி உனக்கு ஒட்டாது” என்று விளக்குங்கள்.

எல்லாக் கீமோ மருந்துக்கும் முடி கொட்டாது, அதனால் எந்த மருந்து என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டும் என்றால் பெரும்பாலும் முதல் தவணைக்குப் பிறகு 2, 3 வாரத்தில் தொடங்கும், அதற்குள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அதிகம் உறுத்துவது உங்கள் மகளின் மௌனம்தான். கேட்டால் அம்மா அழுவாள் என்று அடக்கிக்கொண்டிருக்கலாம், இணையத்தில் தேடிப் படித்தும் இருக்கலாம். அவளிடம் தனியாகப் பேசுங்கள், எதிரே உட்காரவைத்து விசாரணை மாதிரி வேண்டாம், துணி மடிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ “உனக்கு இதுல என்ன தெரியும்மா?” என்று தொடங்கி, அவள் சொல்வதைக் கேட்டபின் பேசுங்கள். “அம்மா செத்துடுவாங்களா?” என்று கேட்டால், சாகவே மாட்டார் என்று சத்தியம் செய்யாதீர்கள். “குணமாகணும்னுதான் இவ்வளவு வைத்தியமும். நிலைமை மாறினா உங்கிட்ட மறைக்க மாட்டேன்” என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு. பேசும்போது உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும், தப்பில்லை. பெண் பிள்ளை என்பதால் ‘எனக்கும் வருமா?’ என்ற பயமும் உள்ளே இருக்கும். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான், அவள் வயதில் இது வருவது மிக மிக அரிது. உங்கள் மனைவிக்கு மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவருடைய டாக்டரே சொல்வார், மகளுக்கு இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம்.

யார் சொல்வது என்பதை மனைவியிடமே கேளுங்கள், முடிந்தால் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள் என்று தெரிவித்துவிடுங்கள். பார்க்க வரும் உறவினர்கள் பிள்ளைகள் எதிரிலேயே ‘ஐயோ பாவம்’ என்று ஆரம்பிப்பார்கள், அதை நீங்கள்தான் வாசலிலேயே தடுக்க வேண்டும்.

சில வாரங்களுக்குப் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, வயிற்றுவலி என்பது, அடம் பிடிப்பது எல்லாம் இருக்கலாம். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, தூக்கமோ சாப்பாடோ கெடுகிறது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ‘நானும் செத்துடறேன்’ என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.