அட்டையில் 1000 லூமென், கூடாரத்தில் எத்தனை மணி நேரம்?

முகாமுக்கு எடுத்துச் செல்லும் பேட்டரி லாந்தர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: 3 பெரிய பேட்டரிக் கட்டை (டி அளவு) போடும் எல்.இ.டி. லாந்தர் ஒன்று வாங்கினோம். அட்டையில் '1000 லூமென், 200 மணி நேரம்' என்று போட்டிருக்கிறது. முழு வெளிச்சத்தில் வைத்தால் புதுக் கட்டையிலேயே ஒரு மணி நேரத்துக்குள் மங்கத் தொடங்கிவிடுகிறது. விளக்கில் கோளாறா, கட்டையில் கோளாறா?

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. லூமென் என்பது விளக்கு மொத்தமாகத் தரும் வெளிச்சத்தின் அளவு. 1000 லூமென் என்பது உச்ச வெளிச்சத்துக்கு. 200 மணி நேரம் என்பது ஆகக் குறைந்த வெளிச்சத்துக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுவிடுகிறார்கள், வாங்குகிறவர் சேர்த்துப் படித்துவிடுகிறார்.

எந்த லாந்தர் வாங்கும்போதும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுங்கள். நன்றாகச் செய்த லாந்தர் 1 வாட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 100 லூமென் தரும். எல்.இ.டி. சில்லு தனியாக இதைவிட அதிகம் கொடுக்கும். மின்சுற்றிலும் பால்வெள்ளை மூடியிலும் கொஞ்சம் போய்விடுகிறது. ஆகவே 1000 லூமெனுக்கு 10 வாட் வேண்டும். ஒரு பெரிய அல்கலைன் கட்டையில் நிதானமாக எடுத்தால் சுமார் 15 வாட்-மணி (1 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டும் ஆற்றல்தான் 1 வாட்-மணி) கிடைக்கும். 3 கட்டைக்கு 45. 45-ஐ 10-ஆல் வகுத்தால் நாலரை மணி நேரம்.

காகிதத்தில்தான் நாலரை. 3 கட்டையைத் தொடராக அடுக்கினால் 4.5 வோல்ட், அதிலிருந்து 10 வாட் இழுக்க 2 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அல்கலைன் கட்டைக்கு உள்தடை அதிகம். இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் வோல்ட் சட்டென்று இறங்கும், கட்டை சூடாகும், உள்ளே இருக்கும் ஆற்றலில் பாதி தேறினாலே அதிகம். அதே கட்டைகளை 100 லூமெனில், அதாவது 1 வாட்டில், ஓட்டிப் பாருங்கள்: 45 மணி நேரத்துக்குக் குறையாது. மூன்று இரவுக்கு வைத்துக்கொண்டாலும் மிச்சம் இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டார்ச், லாந்தர் வகைகளுக்கு 'ஆன்சி எஃப்.எல்.1' என்ற அளவீட்டு முறை இருக்கிறது. அதன்படி லூமெனை விளக்கு போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளக்கிறார்கள். எரியும் நேரத்தையோ, வெளிச்சம் அந்த முதல் அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரை கணக்கிடுகிறார்கள். ஆக, '1000 லூமென், 5 மணி நேரம்' என்று நேர்மையாகவே எழுதியிருந்தாலும், அதில் கடைசி இரண்டு மணி நேரம் 200 லூமெனுக்குக் கீழே போயிருக்கலாம். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக லூமெனும் நேரமும் போட்டிருக்கிற அட்டையை நம்புங்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே போகும் வரைபடமும் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நான்கு பேர் படுக்கும் கூடாரத்துக்கு எத்தனை லூமென் போதும்? கடையில் 2000 வரைக்கும் சொல்கிறார்கள்.

கூடாரத்துக்குள் 50 முதல் 100 போதும். துணி வெளிர் நிறமாக இருந்தால் அதுவே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். 100-க்கு மேல் கண் கூசும். படுத்த பிறகு 10 அல்லது 20 லூமென். அதனால், கீழே எவ்வளவு தூரம் குறைக்க முடியும் என்று கேட்டு வாங்குங்கள். 150 லூமெனுக்குக் கீழே இறங்காத லாந்தர் கூடாரத்துக்கு உதவாது. சமைக்கும் இடத்துக்கு 200 முதல் 300. பத்துப் பேர் உட்காரும் திறந்தவெளிக்கு 500 முதல் 1000.

2000 லூமெனில் ஒரே விளக்கு வாங்குவதைவிட 300 லூமெனில் இரண்டு வாங்குவதே எங்கள் பரிந்துரை. காரணம் தூரம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும் 300 லூமென் விளக்கிலிருந்து 1 மீட்டரில் 24 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) விழும். 2 மீட்டரில் 6 லக்ஸ். 3 மீட்டரில் 3 லக்ஸ்கூட இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. அடுப்பு நிழலில் இருக்கிறது என்று நடுவில் தொங்கும் விளக்கின் திறனைக் கூட்டிக்கொண்டே போனால் கட்டைதான் தீரும். ஒரு சின்ன விளக்கை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் வேலை முடிந்தது. கண்ணும் நேர்க்கணக்கில் பார்ப்பதில்லை. இரண்டு மடங்கு பளிச்சென்று தோன்ற ஏறக்குறைய நாலு மடங்கு லூமென் வேண்டியிருக்கிறது.

தொங்கவிடும் உயரம் நின்றிருப்பவர் தலைக்குச் சற்று மேலே இருக்கட்டும். மேசைமேல் கண்மட்டத்தில் வைத்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது, விளக்குதான் தெரியும். கொக்கி மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் இருக்கிற மாதிரி தேடுங்கள். தலைகீழாகத் தொங்கவிட்டால் அடிப்பாக நிழல் கூரைக்குப் போய்விடும், தரை முழுக்க வெளிச்சம் விழும்.

கேள்வி: கட்டை மாற்றும் விளக்கா, உள்ளேயே பேட்டரி வைத்துச் சார்ஜ் போடும் விளக்கா? எதை வாங்கலாம்?

இரண்டு மூன்று இரவு முகாம், நடுவில் பவர்பேங்க்கோ காரோ கிடைக்கும் என்றால் சார்ஜ் போடும் விளக்கு. அதிலும் 18650 அல்லது 21700 என்ற லித்தியம் அயான் செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்காக இருந்தால் அதையே எடுங்கள். ஒட்டி மூடிய விளக்கில் சில வருடத்தில் செல் தளர்ந்ததும் முழு விளக்கும் குப்பைக்குப் போகிறது. கழற்றுகிற விளக்கில் செல்லை மட்டும் மாற்றினால் போதும். வாரக்கணக்கில் சார்ஜுக்கு வழியே இல்லாத இடம், அல்லது அலமாரியில் வருடக்கணக்கில் சும்மா இருந்து அவசரத்துக்கு எடுக்கும் விளக்கு என்றால் கட்டை போடுவதுதான் சரி.

சார்ஜ் விளக்குகளில் பெரிதாக ஏமாற்றும் எண் மில்லி ஆம்பியர்-மணி. வோல்ட் சேர்க்காமல் அதற்குப் பொருளே இல்லை. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 10 ஆம்பியர்-மணி, அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட்-மணி. 300 லூமெனுக்கு 3 வாட், ஆகவே 12 மணி நேரம். அதே விளக்கிலிருந்து செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றினால், 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது இழப்பும் சேர்ந்து 6,000 சொச்சம்தான் வெளியே வரும். விற்பவர் பொய் சொல்லவில்லை, வோல்ட் மாறிவிட்டது.

பொய் சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு ஒரு தராசு போதும். ஒரு 18650 செல் 45 முதல் 50 கிராம் எடை. இன்றைக்குக் கிடைக்கும் நல்ல செல்லில் 3,500 மில்லி ஆம்பியர்-மணிக்குக் கிட்டத்தட்டதான் கொள்ளும். 10,000 என்றால் மூன்று செல், 150 கிராம் பேட்டரிக்கு மட்டும். '20,000' என்று எழுதிய விளக்கு மொத்தமே 200 கிராம் நிறுத்தால், பேட்டரி மட்டுமே அதைவிடக் கனமாக இருந்திருக்க வேண்டும். வாங்கவே வாங்காதீர்கள்.

சார்ஜ் போடும் பெரிய கட்டையிலும் இதே தந்திரம் நடக்கிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில் அசல் பெரிய கட்டை 8,000 முதல் 10,000 கொள்ளும், கையில் எடுத்தால் 160 கிராம் அளவுக்குக் கனக்கும். '2,500' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது ஒரு பென்சில் செல், சுற்றிலும் வெறும் கூடு. ஒரு கட்டைக்கு 3 வாட்-மணிதான் தேறும். மூன்று போட்டாலும் அல்கலைனில் ஐந்தில் ஒரு பங்கு. தவிர, இந்த வகை 1.2 வோல்ட் என்பதால் மூன்றுக்கு 3.6 வோல்ட்தான் வரும். வெள்ளை எல்.இ.டி. எரியவே 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். வோல்ட்டைச் சீராக்கும் மின்சுற்று இல்லாத மலிவு லாந்தர் ஆரம்பத்திலேயே மங்கலாக எரிவதற்கு இதுதான் காரணம்.

குளிர் இடத்துக்குப் போகிறீர்களா? உறைநிலைக்குப் பக்கத்தில் அல்கலைன் ஏறக்குறைய பாதியாகிவிடும். கட்டைகளைப் படுக்கைப் பைக்குள் வைத்துத் தூங்குங்கள். சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் பென்சில் செல் மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும், எடையும் குறைவு. லித்தியம் அயானை 0 டிகிரிக்குக் கீழே எரிக்கலாம், ஆனால் சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும்.

கேள்வி: விளக்கு போட்டதும் பூச்சி மொய்க்கிறது. மஞ்சள் விளக்கு போட்டால் வராதா?

வராது என்று சொல்ல முடியாது, குறையும். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீலச் சில்லு. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் அதை வெள்ளையாக்குகிறது. அட்டையில் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று இருந்தால் நீலம் அதிகம், 2700 முதல் 3000 என்றால் குறைவு. பெரும்பாலான பூச்சிகளின் கண் புற ஊதாவுக்கும் நீலத்துக்கும் கூர்மையானது. ஆகவே சாப்பிடும் இடத்தில் 2700 கெல்வினில் மங்கலாக ஒன்று. 5, 6 மீட்டர் தள்ளிப் பளிச்சென்ற வெள்ளை விளக்கு ஒன்று. விட்டில்கள் அங்கே போய்விடும்.

சிவப்பு விளக்கு இருந்தால் நல்லதுதான். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். மங்கலான சிவப்பு அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் சிவப்பில் சமைக்காதீர்கள், இறைச்சி வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலுக்கு நிறம் காட்டும் குறியீடு (சி.ஆர்.ஐ., நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற எண்) 80-க்கு மேல், முடிந்தால் 90 இருக்கும் விளக்கு வேண்டும்.

கேள்வி: மழையில் வைக்கலாமா?

அட்டையில் நீர் தாங்கும் தரம் ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும்; முகாமுக்கு அது போதும். படகில் எடுத்துப் போகிறவர்களுக்கு ஐ.பி.எக்ஸ்.7, அதாவது 1 மீட்டர் நீரில் 30 நிமிடம். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி அழுந்த மூடியிருந்தால்தான் இந்த எண்கள் எல்லாம் செல்லும். துளைக்குள் ஈரம் இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள்.

கேள்வி: டைப்-சி துளை உள்ள லாந்தர். செல்போன் சார்ஜரின் இரண்டு முனையும் டைப்-சி ஆன கம்பியில் போட்டால் சார்ஜே ஏறவில்லை. அதே சார்ஜரில் போன் ஏறுகிறது.

லாந்தர் கெட்டுப்போகவில்லை. டைப்-சி சார்ஜர், எதிரில் ஒரு சாதனம் இருப்பதை உறுதி செய்துகொள்ளாமல் மின்சாரம் விடாது. அதை உணர்த்த லாந்தருக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு வைத்திருக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். ஒரு முனையில் பழைய அகலமான யூ.எஸ்.பி. உள்ள கம்பியைப் போடுங்கள், அது கேட்காமலே 5 வோல்ட் கொடுக்கும். விளக்கோடு வந்த குட்டைக் கம்பியைத் தூக்கிப் போட்டுவிடாமல் விளக்கின் கைப்பிடியிலேயே கட்டி வையுங்கள்.

கேள்வி: ஒரு வருடம் கழித்து எடுத்த லாந்தருக்குள் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தூக்கி எறிய வேண்டியதுதானா?

வேண்டாம், பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அல்கலைன் கட்டைக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, காற்றுப் பட்டு உப்பாகியிருக்கிறது. அது காரம், தோலை அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைகளை எடுத்துவிட்டு, காய்ந்த தூரிகையால் பொடியைத் தட்டி விடுங்கள். பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்துப் பூத்த இடத்தில் மட்டும் தொடுங்கள். மெல்ல நுரைக்கும். நுரை நின்றதும் ஈரப் பஞ்சால் இரண்டு முறை துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள். பிறகு தகட்டையும் ஸ்பிரிங் நுனியையும் பொடி உப்புத்தாளால் பளபளப்பு தெரியும் வரை தேயுங்கள். பச்சை நிறம் கம்பியின் உறைக்குள்ளேயே ஏறியிருந்தால் அந்தத் துண்டுக் கம்பியை மாற்ற வேண்டும்.

இது ஏன் நடந்தது என்றால், பொத்தானைத் தொட்டு எரியும் விளக்குகள் அணைந்திருக்கும்போதும் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். மாதக்கணக்கில் கட்டை வற்றும். மூன்றில் இளைத்த ஒன்றை மற்ற இரண்டும் எதிர்த்திசையில் தள்ளும், உள்ளே வாயு சேர்ந்து அடைப்பு விட்டுப்போகும். பழசையும் புதுசையும் கலந்து போடாதே என்று சொல்வதும் இதற்காகத்தான். எடுத்து வைக்கும்போது கட்டையைக் கழற்றிவிடுங்கள். வழியில் பைக்குள் தானாக எரியாமல் இருக்கக் கட்டைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். லித்தியம் அயான் விளக்கைப் பாதிச் சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: தலையில் சோலார் தகடும் பக்கத்தில் சுற்றும் கைப்பிடியும் உள்ள லாந்தர் வாங்கினால் பேட்டரிக் கவலையே இல்லையே?

10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் தகட்டின்மேல் உச்சி வெயிலில் விழுவது சுமார் 10 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 2 வாட், மின்சாரமானால் நல்ல தகடு. ஐந்து மணி நேர வெயிலுக்கு, கோணமும் இழப்பும் போக, 6 அல்லது 7 வாட்-மணி. 37 வாட்-மணி பேட்டரி நிறைய ஐந்தாறு நாள். ஆனாலும் அந்த 6 வாட்-மணியில் 100 லூமென் ஆறு மணி நேரம் எரியும், ஆகவே தினமும் கொஞ்சம் ஈடுகட்ட உதவும். வெயிலில் காயும் விளக்குக்குள் செல் 45 டிகிரியைத் தாண்டினால் அதன் ஆயுள் குறையும். தகடு தனியாகவும் பேட்டரி நிழலிலும் இருக்கும்படி நீளக் கம்பி உள்ளதே மேல்.

கைப்பிடியை ஒரு நிமிடம் விடாமல் சுற்றினால், கை 5 வாட் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 100 லூமென் ஐந்து நிமிடம் எரியும். இழப்பு போனால் மூன்று. எல்லாம் தீர்ந்த நேரத்தில் முதலுதவிப் பெட்டியைத் தேடி எடுக்க அது போதும்.

புறப்படும் முன் வீட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: நீங்கள் உண்மையில் வைக்கப்போகும் வெளிச்சத்தில் விளக்கைப் போட்டு, நேரத்தைக் குறித்து, அதன் கீழே ஒரு புத்தகத்தைத் திறந்து வையுங்கள். எழுத்து படிக்கக் கஷ்டமாகும் நேரம்தான் அந்த விளக்கின் நேரம். அதை ஒட்டுத்தாளில் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள். அப்படியே செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் நகர்ந்தால் அது துடித்து எரிகிறது என்று அர்த்தம், நெடுநேரம் படித்தால் சிலருக்குத் தலைவலி வரும்.