ரெண்டு பட்டன் வச்ச பழைய வாட்ச்: காரைக்குடியிலிருந்து சில பதில்கள்

குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப் வாட்சும் சேர்ந்த பழைய கைக்கடிகாரங்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 'என்ன விலை போகும்' என்று மட்டும் கேட்டவர்கள் கோவித்துக்கொள்ள வேண்டாம். பொருளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை சொல்கிற வழக்கம் எனக்கில்லை.

பள்ளத்தூரிலிருந்து: அண்ணே, செல்போன்லயே ஸ்டாப் வாட்ச் இருக்கு. இதுக்குப் போய் லட்சக்கணக்குல கொடுக்குறாங்களே, அப்படி என்ன இருக்கு?

பின்மூடியைக் கழற்றிப் பாருங்க தம்பி. மேல் பட்டனை அமுக்கினால், கோட்டை மதில் போலப் பற்கள் நிமிர்ந்து நிற்கும் சின்னச் சக்கரம் ஒன்று ஒரு படி திரும்பும். பற்களுக்கு நடுவில் ஒரு நெம்புகோலின் மூக்கு விழும். ஓடுகிற சக்கரத்தோடு இன்னொரு சக்கரம் போய்ச் சேரும், நடுமுள் கிளம்பிவிடும். கீழ்ப் பட்டனை அமுக்கினால் இதய வடிவத் தகட்டில் ஒரு சுத்தி வந்து விழும். முள் எங்கே நின்றிருந்தாலும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பேட்டரி கிடையாது, எல்லாம் சாவி கொடுத்த ஸ்பிரிங்கின் வேலை.

1957-ல் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்சுக்குள் ஓடும் 321 என்ற மிஷின், 1963 ரோலெக்ஸ் டேடோனா வாட்சுக்கு அடிப்படையான வால்ஷூ 72 என்ற மிஷின், ரெண்டும் இந்தச் சக்கரம் வைத்த வகை. 1968-ல் ஒமேகா அந்தச் சக்கரத்தை எடுத்துவிட்டு, செய்வதற்குச் சுலபமான தகடு வைத்து 861 என்ற மிஷினைக் கொண்டுவந்தது. நேரம் காட்டுவதில் 861 ஒன்றும் இளைத்ததில்லை. ஆனாலும் பட்டன் அமுங்குகிற பதம் 321-ல் வேறு. அந்தப் பதத்துக்குத்தான் நான் காசு கொடுப்பேன், பெயருக்கு இல்லை.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: எங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனப்ப வாங்குன வாட்ச், பெட்டகத்துல கெடந்துச்சு. டயல் பழுத்துப்போச்சு. சாவி கொடுத்துப் பாக்கவா? டயலுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சுரவா?

ரெண்டும் வேண்டாம் ஆச்சி. உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அப்படியே ஓட்டினால் அச்சுமுனைகள் தேயும். முதலில் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடட்டும்.

டயலைத் தொடவே தொடாதீங்க. பழுத்த டயலைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். புதுப் பெயிண்ட் அடித்தால் மதிப்பு நிறையவே இறங்கிவிடும். கேஸுக்கு பாலிஷும் கூடாது, ஓரக்கூர் மழுங்கிப்போகும்.

இன்னொன்று, அந்தக் காலத்து இருட்டில் மின்னும் எண்களில் ரேடியம் இருக்க வாய்ப்புண்டு. மின்னுவது எப்போதோ நின்றிருக்கும், கதிர்வீச்சு நின்றிருக்காது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். வீட்டில் யாரும் கண்ணாடியைக் கழற்றி எண்களைச் சுரண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுவயலிலிருந்து: டயல் ஓரத்துல 60, 80, 120-னு போட்டிருக்கே, எதுக்கு?

வேகம் பார்க்க. தேவகோட்டை ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது அமுக்குங்கள், அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 45 வினாடி ஆனால் முள் 80-ல் நிற்கும். அதுதான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. அமுக்குகிறவர் பக்கத்து சீட்டில் இருக்கட்டும்.

கானாடுகாத்தானிலிருந்து: எல்லாரும் ரோலெக்ஸ், ஒமேகாங்குறாங்க. நீங்க எதைச் சொல்வீங்க?

ஜெனித் எல் பிரிமெரோ. 1969-ல் அறிவித்த ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் குரோனோகிராஃப். மணிக்கு 36,000 துடிப்பு, அதனால் பத்தில் ஒரு வினாடி வரை அளக்கும். அதே வருஷ டிசம்பரில் செய்கோவின் குவார்ட்ஸ் வாட்ச் கடைக்கு வந்தது. பேட்டரிக் காலம் தொடங்கிவிட்டது. 1975-ல் ஜெனித்தின் அமெரிக்க முதலாளிகள் ஸ்பிரிங்கில் ஓடும் வாட்ச் மிஷின்கள் செய்வதை நிறுத்தச் சொன்னார்கள். அவற்றைச் செய்யும் கருவிகளெல்லாம் பழைய இரும்புக்குப் போகவேண்டியவை. சார்ல்ஸ் வெர்மோ என்ற தொழிலாளி அவற்றை ஒவ்வொன்றாகத் தொழிற்சாலையின் மச்சில் கொண்டுபோய் ஒளித்து, எது எதற்கு என்று எழுதியும் வைத்தார். 1980-களில் அவற்றைக் கொண்டே மறுபடி செய்யத் தொடங்கினார்கள். 1988-ல் ரோலெக்ஸே தன் டேடோனாவுக்கு இந்த மிஷினை வாங்கியது, துடிப்பை 28,800 ஆகக் குறைத்துக்கொண்டு. இந்தக் கதைக்காகவே ஒன்று வைத்திருக்கலாம் என்பேன்.

காரைக்குடியிலிருந்து: முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள்ல கெடைக்குமா?

எனாமல் பாத்திரம், மரச்சாமான், சுவர்க்கடிகாரம் எல்லாம் பார்க்கலாம். நல்ல குரோனோகிராஃப் அபூர்வம். கண்ணில் பட்டால் பட்டனை அமுக்கி நடுமுள் உதறாமல் கிளம்புகிறதா, பூஜ்யத்துக்குத் திரும்பும்போது 12-க்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தள்ளி நின்றால் உள்ளே யாரோ கைவைத்திருக்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.