கொலராடோவில் முதல் எல்க் வேட்டை: கேள்வி பதில்

வெளிமாநிலத்திலிருந்து அமெரிக்காவின் கொலராடோ மலைக்கு முதல்முறை எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட வரத் திட்டமிடும் நண்பர்களின் கேள்விகள் இவை. இங்கேயே குடியிருந்து வேட்டையாடுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கட்டணமும் தேதியும் ஆண்டுதோறும் மாறும். மாநில வனவிலங்குத் துறையின் அந்த வருடக் கையேட்டைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

அண்ணா, டாலஸில் இருக்கிறேன். குலுக்கலில் பெயர் விழாமலே டேக் (எல்க்கைச் சுடுவதற்கான உரிமச் சீட்டு) கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி. அக்டோபர் கடைசியில் வரும் இரண்டாவது ரைஃபிள் (நீளத் துப்பாக்கி) சீசனுக்கும், நவம்பரில் வரும் மூன்றாவதுக்கும் பல யூனிட்டுகளில் (வேட்டைக்காகப் பிரித்த பகுதிகளில்) ஆண் எல்க் டேக்கை நேராக வாங்கிக்கொள்ளலாம். வெளிமாநிலத்தவருக்குச் சுமார் 800 டாலர் ஆகும். வில் வேட்டை என்றால் கதை வேறு: 2025 முதல் ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே உங்களுக்குக் குலுக்கல்தான். அதற்கான விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் ஹண்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி) சான்றிதழ் கட்டாயம்; டெக்சாஸில் வாங்கியதே செல்லும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

நம் ஆட்கள் அதிகம் கேட்பது இதைத்தான். குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போச்சு. நண்பரின் துப்பாக்கியைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதே விதிதான். விசாவோடு விளையாட வேண்டாம், ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

சாலையிலிருந்து எத்தனை மைல் உள்ளே போனால் எல்க் கிடைக்கும்?

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: எத்தனை மைலிலிருந்து இறைச்சியைச் சுமந்து வர முடியும்? வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கினாலும் 90, 100 கிலோ கறி மிஞ்சும். ஒரு ஆள் முதுகில் 30 கிலோ என்று வைத்தால் மூன்று நான்கு நடை, ஒவ்வொன்றும் போக வர. மூன்று மைல் உள்ளே சுட்டால் இருபது மைல் நடக்க வேண்டும், அதுவும் 10,000 அடி உயரத்தில். வில்டர்னஸ் என்று அரசு காக்கும் காட்டுப் பகுதிக்குள் வண்டி மட்டுமல்ல, கைவண்டிக்கும் அனுமதியில்லை. இரண்டு பேர் என்றால் ஒன்றரை, இரண்டு மைலோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஆசை இருந்தால் குதிரையில் இறைச்சி இறக்கித் தரும் ஆளிடம் முன்பே பேசி வையுங்கள்; சுட்ட பிறகு தேடினால் கிடைக்க மாட்டார்.

அடுத்த கவலை, கறியில் தங்கும் உடல் வெப்பம். அந்தத் தடித்த தோலுக்குள் குளிர்ந்த இரவிலும் கறி கெடும், குறிப்பாகத் தொடை எலும்பை ஒட்டி. விழுந்த உடனே தோலை உரித்து, கால்களைப் பிரித்து, துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். ஆண் என்பதற்கான உடலடையாளம் கறியோடு இயற்கையாகவே ஒட்டியிருக்க வேண்டும். சுத்தம் செய்கிறேன் என்று அதை வெட்டிவிட்டால் அபராதம்.

செப்டம்பர் வீடியோக்களில் எல்க் கத்திக்கொண்டே வருகிறதே. அக்டோபரிலும் அப்படியா?

இல்லை. இணைசேரும் காலம் முடிந்து களைத்துப்போன ஆண் எல்க்குகள் மந்தையை விட்டு ஒதுங்கிவிடும். வடக்குப் பார்த்த சரிவுகளில் வெயில் புகாத அடர்ந்த காடு, பக்கத்தில் கொஞ்சம் புல், தண்ணீர், மனித வாடை கிடையாது: வரைபடத்தில் அப்படி ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். காற்றையும் கவனியுங்கள். அந்தியில் காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும். அதனால் காலையில் மேலிருந்தும் மாலையில் கீழிருந்தும் நெருங்குவதே உத்தமம்.

பார்த்ததும் சுடலாமா?

கூடாது. பெரும்பாலான யூனிட்டுகளில் ஒரு பக்கக் கொம்பிலாவது நான்கு கிளைகள், அல்லது ஐந்து அங்குல நெற்றிக் கிளை இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அது எல்க்தானா என்பது. மூஸ் என்ற இன்னொரு பெரிய மானைச் சுட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்!

என் கணவர் நண்பரோடு கிளம்புகிறார். கரடி பயமாக இருக்கிறதே, அண்ணா?

இங்கே இருப்பது கருங்கரடிதான் அம்மா. உணவை மரத்தில் உயரக் கட்டினால் பெரும்பாலும் தொல்லையில்லை. நான் பயப்படுவது உயரத்துக்கு. கடல்மட்டத்திலிருந்து வந்து மறுநாளே 10,000 அடி ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரும். இரண்டு நாள் முன்னதாக வரச் சொல்லுங்கள். தலைவலி முற்றினால் கீழே இறங்குவதே மருந்து. கைப்பேசி சிக்னல் இருக்காது, செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். ஆரஞ்சு அல்லது பிங்க் மேலாடையும் தொப்பியும் ரைஃபிள் சீசனில் சட்டப்படி கட்டாயம்.

வயோமிங் இன்னும் நல்ல இடமாமே?

நல்ல இடம்தான். ஆனால் அங்கே வில்டர்னஸ் பகுதிக்குள் வெளிமாநிலத்தவர் எல்க் வேட்டையாட வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ வேண்டும். கொலராடோவில் அந்த விதி இல்லை. முதல்முறைக்கு இங்கேயே வாருங்கள். தனியார் நிலத்துக்குப் பலகை இல்லாவிட்டாலும் அனுமதி தேவை, எல்லை காட்டும் வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.