குர்பேயைப் பார்த்து எண்ணெய் வண்ணம்: மண்டபம் டிராயிங் மாஸ்டர் பதில்கள்

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் குர்பே 1843–45இல் தன்னையே வரைந்த படம்: விழி பிதுங்க, இரு கையாலும் தலையைப் பிடித்தபடி ஓர் இளைஞன். அதைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகுகிறவர்கள் கேட்டவை இவை.

கீழக்கரை மாணவி: கண் நன்றாக வந்திருக்கிறது சார். ஆனால் முகம் பொம்மையாகத் தெரிகிறது.

கண்ணில் தொடங்கியிருப்பீர்கள், அதுதான் வினை. அந்தப் படத்தில் பதற்றம் கண்ணில் மட்டும் இல்லைம்மா, வெளிச்சமும் நிழலும் மோதும் இடத்தில் இருக்கிறது. முதல் நாள் வண்ணமே வேண்டாம். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, நிழலை மட்டும் பெரிய திட்டுகளாகப் போடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கண்குழியும் மூக்கின் நிழலும் ஒரே திட்டாகத் தெரியும்; அப்படியே போடுங்கள். அப்புறம் கண்வெள்ளை. அதைச் சட்டையின் வெள்ளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு மங்கல் என்று புரியும். டியூபிலிருந்து வெள்ளையை அப்படியே வைத்தால் பொம்மைக் கண்தான் வரும்.

தங்கச்சிமடம்: டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

படத்தில் வேண்டாம். மெதுவாக ஆவியாகும், பிசுக்கு நிற்கும். பிரஷ் கழுவ மட்டும்.

தேவிபட்டினம்: பத்து நாளாகியும் கறுப்பு காயவில்லை. உப்புக்காற்றா?

காற்றை ஏன் திட்டுகிறீர்கள்? எண்ணெய் வண்ணத்தில் இருக்கிற ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஐவரி பிளாக் இயல்பிலேயே மெதுவாகக் காயும், அம்பர் சீக்கிரம் காயும். அடிப் பூச்சில் எண்ணெய் குறைவு, மேல் பூச்சுக்குப் போகப் போக அதிகம், மாற்றினால் படத்தில் விரிசல் விழும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வலைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

பாம்பன்: மண்ணெண்ணெய் கொஞ்சூண்டு...

மேலே தங்கச்சிமடத்துக்குச் சொன்னதைப் படிங்க தம்பி.

இராமநாதபுரம்: ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவர்களில் சேதுபதிகளின் ஓவியம் இருக்கும்போது பிரெஞ்சுக்காரன் முகம் எதற்கு?

நல்ல சண்டை. அந்த 18ஆம் நூற்றாண்டுச் சுவர்களைப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். கோட்டின் உறுதி அங்கே கிடைக்கும். ஆனால் அது சுண்ணச்சாந்தில் கோடும் தட்டை வண்ணமுமாக வரைந்தது. ஒரு கன்னம் ஒளியிலிருந்து நிழலுக்குத் திரும்புவதை அதில் பழக முடியாது.

அவரே: அப்படியானால் நம்ம ஓவியம் மட்டமா?

யார் சொன்னது? குர்பேயிடம் அந்தக் கோட்டைத் தேடினாலும் கிடைக்காதுங்க. வேலை வேறு.

ஏர்வாடி: நானும் இராமநாதபுரத்துக்காரர் பக்கம்தான். வெள்ளைத் தோலைப் பழகிவிட்டு எங்கள் அப்பாவை எப்படி வரைவது?

இதுதான் சரியான கேள்வி. குர்பேயின் நிழல் பாடம் உங்களுக்கு உதவும், அவர் கலந்த தோல்நிறம் உதவாது. கறுத்த தோலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், சாம்பல் பூத்துவிடும். அம்பரும் அல்ட்ராமெரின் நீலமும் கலந்தால் ஆழம் வரும். வெயிலில் நிற்கும் கடலோடியின் நெற்றிப் பளபளப்பைக் கவனியுங்கள்: வானத்தின் நீலம் அதில் தெரியும். அங்கே வெறும் வெள்ளை வைத்தால் மாவு பூசியது போலாகும்.

தொண்டி: பெயின்ட் கடையில் விற்கும் பாயில்டு லின்சீடு (ஆளிவிதை எண்ணெய்) ஆகுமா?

கதவுக்கு ஆகும். உலர்த்தி மருந்து சேர்த்தது, படம் மஞ்சளாகிவிடும். துணி தீப்பிடிக்கும் விஷயம் அதற்கும் உண்டு, மறக்காதீர்கள்.

மண்டபம்: முடித்ததும் என் கையெழுத்துப் போடலாமா?

பின்பக்கம் ‘குர்பேயைப் பார்த்து’ என்று எழுதி, உங்கள் பெயரும் தேதியும் போடுங்கள். அளவையும் மாற்றுங்கள், பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து படியெடுப்பவர்களும் மூலத்தின் அளவில் வரையக்கூடாது.