தோற்காத அணியா, ஒருமுறை தோற்ற அணியா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை விடாமல் பார்க்கும் என் அலுவலக நண்பர்கள் இருவர், லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் உருவாக்கிய அணிகளில் மிகச் சிறந்தது எது என்று ஓயாமல் வாதாடுகிறார்கள். ஒருவர் 1972 அணி என்கிறார். மற்றவர் 1968 அணி என்கிறார். முன்னது அந்தப் பருவம் முழுவதும் தோற்கவே இல்லை. பின்னது ஓர் ஆட்டத்தில் தோற்றது. அப்படியிருக்க, இதில் வாதத்துக்கு என்ன இடம் இருக்கிறது?
— ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாக இருக்கிறது. 1964 முதல் 1975 வரையிலான 12 பருவங்களில் 10 முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றுதந்த பயிற்சியாளர் ஜான் வுடனின் அணிகள்தாம் இரண்டும். தொலைவிலிருந்து எறிந்து போட்டால் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடும், குறித்த நேரத்துக்குள் பந்தை எறிய வைக்கும் ஷாட் கிளாக்கும் கல்லூரி ஆட்டத்துக்கு வராத காலம் அது; மேலிருந்து வளையத்துக்குள் பந்தை அழுத்தும் டங்க்கும் 1967-68 பருவத்திலிருந்து தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே இரண்டு அணிகளும் ஏறத்தாழ ஒரே விதிகளின்கீழ் ஆடியவை என்பதால், வெவ்வேறு காலத்து அணிகளை ஒப்பிடும்போது வழக்கமாக எழும் பெரிய சிக்கல் இங்கே இல்லை.

1972 அணியின் கணக்கு மலைக்க வைப்பது. 30 ஆட்டங்கள், 30 வெற்றிகள். சராசரி வெற்றி வித்தியாசம் 30.3 புள்ளிகள். முந்தைய ஆண்டின் முதல் ஐவரில் ஹென்றி பிபி ஒருவரே மீந்திருந்தார் என்பதையும், நடுவில் நின்ற பில் வால்டனுக்கு முதன்மை அணியில் அதுதான் முதல் ஆண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வியப்பு கூடுகிறது.

எனினும் என் வாக்கு 1968 அணிக்கே. சராசரி என்பது பலவீனமான எதிரணிகளை எவ்வளவு நசுக்கினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் எண். தன் காலத்தின் மிக வலிய எதிரியின் முன்னே ஓர் அணி என்ன செய்தது என்பதை அது தனித்துக் காட்டுவதில்லை. பெங்களூருக்காரர்களுக்கு இது புதிதல்ல: 2013-14, 2014-15 பருவங்களில் அடுத்தடுத்து ரஞ்சிக் கோப்பை வென்ற கர்நாடக அணியைப் புகழ்ந்த கையோடு, தொடர்ந்து 15 முறை பட்டம் வென்றிருந்த பம்பாயை 1974 அரையிறுதியில் வெளியேற்றிய பிரசன்னாவின் அணியை ஒரு படி மேலே வைக்கும் பெரியவர்கள் இந்த ஊரில் உண்டு.

1968-இன் அந்த வலிய எதிரி ஹூஸ்டன். ஜனவரி 20 அன்று ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 52,693 பேர் முன்னிலையில் அது யு.சி.எல்.ஏ.வை 71-69 என வென்று, 47 ஆட்டங்களாக நீண்டிருந்த வெற்றித் தொடரை முடித்தது. எல்வின் ஹேஸ் 39 புள்ளிகள் குவித்தார். எதிரே நின்ற லூ அல்சிண்டர், அதாவது பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்தவர், சில நாள்களுக்கு முன் விழிப்படலத்தில் காயம்பட்டு, சரியாகத் தேறாமலே ஆடியிருந்தார். இரண்டு மாதங்கள் கழித்து, அதுவரை தோல்வியே காணாத ஹூஸ்டன் தேசியப் பட்டத்துக்கான போட்டியின் அரையிறுதியில் மீண்டும் எதிர்ப்பட்டது. இம்முறை லின் ஷாக்கல்ஃபோர்டை ஹேஸின் நிழலாகவே நிறுத்தி, தன் அணியின் மற்ற நால்வரையும் வைர வடிவில் நின்று தடுக்கவைத்தார் வுடன். ஹேஸுக்குக் கிடைத்தவை 10 புள்ளிகள், ஆட்டம் 101-69. இறுதிப் போட்டியில் வட கரோலினாவும் 78-55 என வீழ்ந்தது.

அரையிறுதி லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது, சொந்த ஊர்ச் சாதகம் இருந்தது என்று உங்கள் முதல் நண்பர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் 1972 இறுதிப் போட்டியும் அதே ஊரில், அதே அரங்கில்தான் நடந்தது. அங்கே ஃப்ளோரிடா ஸ்டேட் அணியை வால்டனின் அணி வென்றது 81-76 என்ற கணக்கில். தோல்வியே காணாமல் வந்த முதல்நிலை அணியை 32 புள்ளிகளில் சாய்த்ததைவிடப் பெரிய சான்றை இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் நான் காணவில்லை. ஜனவரியில் தோற்ற அந்த 2 புள்ளிகளை அதற்கு எதிராக வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: 1995-இல் பட்டம் வென்ற யு.சி.எல்.ஏ. அணியையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?
— அதே வாசகர்

பதில்: அதே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. மூன்று புள்ளிக் கோடும் 35 வினாடி ஷாட் கிளாக்கும் வந்துவிட்ட ஆட்டம் அது. பட்டத்துக்கான போட்டியில் 64 அணிகள் இருந்தன. வுடனின் அந்த இரண்டு அணிகளும் நான்கு ஆட்டங்களில் எட்டிய பட்டத்துக்கு இவர்கள் ஆறு ஆட்டங்களை வெல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் சுற்றில் மிசூரியிடம் பின்தங்கி, 4.8 வினாடிகளே மீதமிருந்தபோது டைஅஸ் எட்னி களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பந்துடன் ஓடிக் கூடையில் சேர்த்திராவிட்டால், அன்றே வீடு திரும்பியிருப்பார்கள். கடந்த பாதையின் கடினத்தை மட்டும் அளந்தால் இவர்களே முன்னால் நிற்பார்கள். ஆட்டத்தின் ஆதிக்கத்தை அளந்தால் மற்ற இரண்டு அணிகளின் அருகில்கூட வரமாட்டார்கள்.